பழி சுமந்த கிண்ணம்

ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு நாட்டில் ஒரு தாய் தன் மகளுக்கு எழுதிய கடிதம் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். 1671ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாள் எழுதப்பட்ட கடிதம் அது. எழுதியவர் செவின்யே சீமாட்டி. கடிதத்தைப் பெறவிருந்த மகளோ நிறைசூலி; பேறுகாலம் நெருங்கியிருந்தது. அந்நிலையில் மகள் சாக்லேட் பருகி வருகிறாள் என்பது தாயின் உள்ளத்தை வருத்துகிறது. அது குருதியைச் சுட்டுவிடாதா என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, ஒரு செய்தியையும் சொல்கிறார். கோயெத்லோகோன் என்னும் குடும்பத்துச் சீமாட்டி ஒருத்தி, முந்திய ஆண்டு கருவுற்றிருந்தபோது மிகுதியாகச் சாக்லேட் பருகினாளாம், அதன் விளைவாக மிகக் கறுத்த நிறமுடைய ஆண்மகவை ஈன்றாளாம், அம்மகவு இறந்துபட்டதாம்.

கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு பயிற்றுவிக்கத் தொடங்கிய ஆண்டுகளில்தான் இச்செய்தியை நான் முதன்முதலாகப் படித்தேன். வகுப்பில் சொன்னபோது மாணவியர் சிரித்தனர். அவர்களோடு சேர்ந்து சிரிக்க என்னால் இயலவில்லை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுவேன். முதலில் அந்தக் கடிதம் எழுந்த காலத்தையும், அக்கிண்ணத்தில் இருந்த பானத்தையும் காண்போம்.

செவின்யே சீமாட்டி 1626ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரிற் பிறந்தவர். 1651இல், அவருக்கு இருபத்தைந்து வயதாகும்போது, கணவர் வாட்போர் ஒன்றில் மாண்டார். மகள் ஒருத்தியும் மகன் ஒருவனுமாக இரு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, மறுமணம் நாடாது வாழ்ந்தார். மகள்பால் அவர் கொண்ட அன்பு அளவு கடந்தது. அம்மகள் 1669இல் கிரின்யான் பிரபுவை மணந்தாள். பிரபு ஏற்கெனவே இரு மனைவியரை இழந்தவர். அரசர் அவருக்குத் தென்கோடியிலுள்ள புரோவான்சு மாநிலத்தின் ஆட்சிப் பொறுப்பை அளித்திருந்தமையால், 1671 பிப்ரவரியில் மகளும் பாரிஸை விட்டுப் புறப்பட்டாள். அன்று தொடங்கிய பிரிவே உலகுக்கு ஓர் இலக்கியத்தைத் தந்தது. செவின்யே சீமாட்டியின் கடிதங்கள் ஆயிரத்துக்கு மேல் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை இம்மகளுக்கு எழுதியவையே.

தாயின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. திருமணமான 1669ஆம் ஆண்டிலேயே மகளுக்குக் கருச்சிதைவு நேர்ந்தது. 1670 நவம்பரில் பெண்மகவு ஒன்று பிறந்தது. அது தவழும் பருவத்தை எய்துமுன்னரே மீண்டும் கருவுற்றாள். மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று கருப்பம். பேற்றின்போது தாய் மடிவது அரிதன்று. பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஓராண்டு நிறையுமுன் மறைந்த காலம் அது. தொலைவிலிருக்கும் தாய் என்ன செய்ய இயலும்? அஞ்சல் வண்டி ஏறிக் கடிதம் போய்ச் சேரவே நாட்கள் பல ஆகும். ஆகவே அவர் அறிவுரை எழுதினார். அதைச் செய், இதைச் செய்யாதே என்று எழுதினார். கருவுற்ற மகளைத் தொலைவில் வைத்திருக்கும் எந்தத் தாயும் செய்யும் செயலே அது.

இனி அந்தப் பானத்துக்கு வருவோம். இன்று நாம் கடையில் வாங்கும் கட்டிச் சாக்லேட் அக்காலத்தில் இல்லை. கொக்கோ விதையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் பொறிக்கு ஆலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் உரிமம் பெற்றது 1828இல். கடித்துத் தின்னத்தக்க கட்டியை இங்கிலாந்தின் ஃபிரை குடும்பத்தார் உருவாக்கியது 1847இல். பால் கலந்த சாக்லேட்டைச் சுவிட்சர்லாந்து நாட்டு டேனியல் பீட்டர் செய்தது 1875இல். 1671இல் சாக்லேட் என்றால் பானம் ஒன்றே. கொக்கோ விதையை வறுத்து, தோல் நீக்கி, நம் அம்மி போன்ற ஒரு கல்லை அடியில் அனலிட்டுச் சூடேற்றி, அதன்மேல் வைத்து அரைப்பர். சர்க்கரையும், இலவங்கப்பட்டையும், வனிலாவும் சேர்ப்பர். அரைத்த விழுதை வில்லைகளாக உலர்த்தி வைத்துக்கொண்டு, வேண்டும்போது வெந்நீரிற் கரைத்து, மத்துப் போன்ற கோலால் நுரை எழக் கடைந்து பருகுவர். கொழுப்பு நீங்காத, கறுத்த, கசப்பும் இனிப்புமான பானம் அது. இன்று ‘டார்க் சாக்லேட்’ என்ற பெயரால் விற்கும் கருஞ்சாக்லேட்டுக்கு அதனை முன்னோடி எனலாம்.

கொக்கோ மரம் தென் அமெரிக்காவைத் தாயகமாக உடையது. அதன் விதையை மத்திய அமெரிக்காவின் மாயரும் மெக்சிக்கோவின் அஸ்டெக்கரும் அரைத்துப் பருகினர். 1544ஆம் ஆண்டில் மாயர் தூதுக்குழு ஒன்று ஸ்பெயின் நாட்டு இளவரசர் பிலிப்பைக் கண்டு அளித்த காணிக்கைகளுள் சாக்லேட்டும் இருந்தது. ஸ்பெயினிலிருந்து அது பிரெஞ்சு நாட்டுக்கு வந்ததில் திருமண உறவுகளுக்கும் பங்கு உண்டு. 1615இல் பதின்மூன்றாம் லூயியை மணந்த ஆன் அரசியும், 1660இல் பதினான்காம் லூயியை மணந்த மரியா தெரேசா அரசியும் ஸ்பெயின் அரண்மனையிற் பிறந்தவர்கள். 1659இல் தாவிது ஷாய்யூ என்பார்க்குச் சாக்லேட் செய்து விற்கும் தனியுரிமையை அரசர் வழங்கினார். ஆகவே செவின்யே சீமாட்டியின் நாளில் சாக்லேட் உயர்குடியினரின் புது நாகரிகப் பொருள். நம் தமிழ்நாட்டுக்கு அம்மரம் வந்ததோ பின்னர்தான்: 1798இல் ஆங்கிலக் கும்பினியார் குற்றால மலைச்சாரலில் அதனைப் பயிரிட்டுப் பார்த்தனர்.

அந்த ஒரே ஆண்டில், 1671இல், செவின்யே சீமாட்டி சாக்லேட்டைப் பற்றி எழுதியவற்றை வரிசையாக வைத்துப் படித்தால் வியப்பு உண்டாகும். பிப்ரவரி 11ஆம் நாள், மகளுக்கு உடல்நலம் குன்றியதை அறிந்து, சாக்லேட் பருகினால் தேறிவிடுவாய் என்று எழுதுகிறார். அதனைக் காய்ச்சும் பாத்திரம் உன்னிடம் இல்லையே என்று ஏங்கவும் செய்கிறார். ஏப்ரல் 15ஆம் நாள் எழுதிய கடிதத்தில் கருத்து மாறிவிடுகிறது. நாகரிகம் தம்மை ஏமாற்றிவிட்டது என்றும், முன்பு புகழ்ந்தவர் எல்லாரும் இப்போது இகழ்கின்றனர் என்றும், நெஞ்சுத் துடிப்புக்கும் தலைக்கிறுகிறுப்புக்கும் அதுவே காரணம் எனப் பேசுகின்றனர் என்றும் எழுதுகிறார். அக்டோபர் 25இல், நாம் தொடக்கத்திற் கண்ட கறுத்த குழந்தையின் செய்தி. அதற்கு மூன்றே நாள் கழித்து, அக்டோபர் 28இல், தாம் சாக்லேட்டோடு சமாதானம் செய்துகொண்டதாக எழுதுகிறார். ஒருநாள் உண்டது செரிக்கவேண்டிப் பருகினாராம், செரித்தது. மறுநாள் மாலைவரை பட்டினி கிடக்கவேண்டிப் பருகினாராம்; பசி தாங்கியது. நினைத்தபடியெல்லாம் நடந்துகொள்ளும் பானம் என்று நகைச்சுவையோடு முடிக்கிறார்.

இதில் ஒன்றை நாம் கருத வேண்டும். அதே பானம், அதே வாரம். தாம் பருகும்போது அது குற்றமற்றது; மகள் பருகும்போது கொலைகாரன். கிண்ணத்திலுள்ள பொருள் மாறவில்லை. பருகுபவள் சூல்கொண்டவள் என்பது ஒன்றே வேறுபாடு. சூல்கொண்டவளின் வாய்க்குள் எது சென்றாலும் அதற்கு ஒரு விளைவு உண்டு, அவ்விளைவுக்கு அவளே பொறுப்பு என்னும் எண்ணம் அன்று ஆழ வேரூன்றி நின்றது.

அக்கால மருத்துவர் என்ன கூறினர்? உணவுப் பொருள்களைச் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்று வகுத்துப் பார்ப்பது ஐரோப்பிய மருத்துவ மரபு. நம் வீடுகளில் இன்றும் பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்கிறோம் அல்லவா? அதுபோன்றதே. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கொல்மெனேரோ 1631இல் சாக்லேட்டைப் பற்றித் தனி நூல் ஒன்று எழுதி, கொக்கோ இயல்பில் குளிர்ச்சியும் வறட்சியும் உடையது என்றும், அதனோடு சேரும் நறுமணப் பொருள்கள் சூடுடையன என்றும் விளக்கினார். அந்நூலை ஜேம்ஸ் வாட்ஸ்வொர்த் என்னும் ஆங்கிலேயர் மொழிபெயர்த்து, 1652இல் இலண்டனில் வெளியிட்ட பதிப்பில், சாக்லேட் மகளிர்க்குக் கருத்தரிக்கச் செய்யும், பேற்றை எளிதாக்கி விரைவுபடுத்தும் என்று புகழ்ந்தார். இலண்டனில் 1652இல் பேற்றுக்குத் துணை. பிரெஞ்சு நாட்டில் 1671இல் பிள்ளைக்கு எமன்! இருவரும் உறுதியோடு பேசினர். சாக்லேட் பருகிய தாய்மார் இத்தனை பேர், பருகாதவர் இத்தனை பேர், அவர்தம் பிள்ளைகள் நிலை இது என்று எண்ணிப் பார்த்தவர் அவருள் எவரும் இலர்.

குழந்தையின் நிறம் கறுத்ததற்கு மட்டும் ஒரு கோட்பாடு அன்று வழங்கியது. தாயின் கண்ணும் கருத்தும் வாயும் எதனை நாடுகின்றனவோ, அது கருவின்மேற் பதியும் என்பர். அறுவை மருத்துவத்திற் புகழ்பெற்ற அம்புருவாஸ் பாரே 1573இல் வெளியிட்ட நூலில் இதனை ஒரு காரணமாகவே வரிசைப்படுத்தினார். தத்துவ அறிஞர் மால்பிராஞ்சு 1674இல், புனிதர் ஒருவரின் ஓவியத்தை உற்று நோக்கிய தாய் ஒருத்தி அவ்வோவியத்தை ஒத்த குழந்தையைப் பெற்றதாகக் கூறி, அதற்கு விளக்கமும் தந்தார். 1726இல் இங்கிலாந்தில் மேரி டாஃப்ட் என்பவள் தான் முயற்குட்டிகளை ஈன்றதாகச் சொன்னபோது, அரண்மனை அறுவை மருத்துவரே முதலில் நம்பிவிட்டார். பின்னர்ச் சூது வெளியாயிற்று. மறு ஆண்டு, 1727இல், ஜேம்ஸ் பிளாண்டல் என்னும் மருத்துவர் இக்கோட்பாட்டையே மறுத்து நூல் எழுதினார். கருவுற்ற பெண்களை ஓயாது அஞ்சவைத்தும் குற்றஞ்சாட்டியும் துன்புறுத்துவதற்கே இக்கோட்பாடு பயன்படுகிறது என்ற இரக்கமும் அவர் வாதத்தில் இருந்தது.

கொக்கோவின் கறுப்பு குழந்தையின் தோலிற் சேராது. தோலின் நிறம் தாய் தந்தையரிடமிருந்து வழிவழியாக வருவது. மூச்சுக்கு வேண்டிய உயிர்க்காற்றுக் குறைந்த குழந்தை நீலம் பாய்ந்து கறுத்துத் தோன்றும் என்பதை இன்று எந்தச் செவிலியும் அறிவாள். உயிர்க்காற்று என ஒன்று உண்டென்பதே ஐரோப்பிய அறிஞர்க்கு 1770களிற்றான் தெரியவந்தது. பிற்காலத்தார் சிலர் இக்கடிதத்துக்கு மற்றொரு பொருள் கற்பித்தனர். அச்சீமாட்டிக்கு நாள்தோறும் சாக்லேட் கொணர்ந்த பணியாள் ஆப்பிரிக்க இளைஞன் என்று கதை கட்டிக் கண்சிமிட்டினர். கடிதத்தில் அத்தகைய பணியாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதலில் அவள் வாய்மேற் பழி. பிறகு அவள் ஒழுக்கத்தின்மேற் பழி. பிள்ளையை இழந்தவள் அவள் என்பதை மட்டும் யாரும் நினைத்தாரில்லை.

இக்கொள்கை நமக்குப் புதியதன்று. நம் வீடுகளிற் சூல்கொண்ட பெண்ணுக்குக் குங்குமப்பூ இட்ட பாலைக் கொடுக்கிறோம்; குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்கிறோம். கறுத்ததைப் பருகினாற் கறுக்கும் என்ற பிரெஞ்சுச் சீமாட்டியும், பொன்னிறத்தைப் பருகினாற் சிவக்கும் என்ற நம் பாட்டிமாரும் ஒரே பள்ளியிற் பயின்றவர்களே. குங்குமப்பூவாற் குழந்தையின் நிறம் மாறுவதில்லை. ஆயினும் குழந்தை கறுத்துப் பிறந்தால், ‘நீ பாலை ஒழுங்காகக் குடிக்கவில்லை’ என்ற சொல் தாயின்மேல் விழுகிறது.

சிரிக்க இயலவில்லை என்று தொடக்கத்திற் சொன்னேன். அதன் காரணத்தை இப்போது சொல்லுகிறேன்.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கத்தில் உள்ளது. என் தமக்கை எனக்குப் பத்து வயது மூத்தவள். தலைச்சன் பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். ஏழாம் மாதம் முடிந்து எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. குற்றாலத்திற் சாரல் விழும் காலம். சந்தையில் அன்னாசிப்பழம் மலிந்து கிடந்தது. என் தந்தையார் வாங்கி வந்த பழத்தில் ஒரு துண்டை, யாரும் காணாதபோது, ஆசையோடு எடுத்துத் தின்றாள். அதனைக் கண்டவள் நான் ஒருத்தியே. பத்து நாட்களுக்குப் பின் அவளுக்கு வலி கண்டது. ஆண்குழந்தை, உயிரில்லை. அழுகையினூடே ‘நான் அன்னாசி தின்றேன்’ என்று அவளே சொன்னாள். அச்சொல்லை ஊர் பிடித்துக்கொண்டது. ஆச்சி சொன்னார், மாமியார் சொன்னார், துக்கம் கேட்க வந்தவர் ஒவ்வொருவரும் சொன்னார். ஒருவரும் கொடியவர் அல்லர். அவளை அணைத்துக்கொண்டு அழுதவர்களே அவர்கள். அழுதுகொண்டே பழியையும் அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். பின்னர் அவளுக்கு மூன்று பிள்ளைகள் நலமாகப் பிறந்தனர். ஆயினும் அன்றுமுதல் அவள் அன்னாசியைக் கையாலும் தொட்டதில்லை.

ஒரு துண்டு அன்னாசி கருவிலுள்ள பிள்ளையைக் கொல்லாது என்று இன்றைய மருத்துவர் கூறுகின்றனர். அவளுக்கும் சொன்னேன். அறிவு ஏற்றுக்கொண்டது, உள்ளம் ஏற்கவில்லை. பழி ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் அதனைச் சான்று காட்டி வெளியேற்றுவது அரிது என்பதை அவளிடம் கண்டேன்.

மீண்டும் 1671க்கு வருவோம். தாயின் எச்சரிக்கைக் கடிதம் எழுதப்பட்ட இருபத்து மூன்றாம் நாள், நவம்பர் 17ஆம் நாள், கிரின்யான் சீமாட்டிக்கு ஆண்மகன் பிறந்தான். நலமாகப் பிறந்தான், வளர்ந்து படைத்தலைவனும் ஆனான். தாயின் கடிதத்தில் அவர் கேட்கும் கேள்வியை நோக்கினால், மகள் சாக்லேட்டின் அரிய பயன்களைப் புகழ்ந்து எழுதியிருந்தாள் என்பது புலனாகிறது. சாக்லேட் பருகிய ஒருத்திக்குப் பிள்ளை இறந்தது. சாக்லேட் பருகிய மற்றொருத்திக்குப் பிள்ளை பிழைத்தது. ஆனால், சாக்லேட்டாற் பிள்ளை பிழைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. பிழைத்த பிள்ளைக்குக் காரணம் தேடுவார் இல்லை; இறந்த பிள்ளைக்கே காரணம் தேடுகிறோம். தேடும்போது நம் கண்ணுக்கு முதலில் தென்படுவது தாயின் கையிலுள்ள கிண்ணம். இந்த எளிய பிழையிலிருந்துதான் பழிகள் பல பிறந்தன.

மற்றொன்றும் கருதத்தக்கது. தாய் எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன; மகள் எழுதிய மறுமொழிகள் அழிந்துபோயின. கோயெத்லோகோன் சீமாட்டி தன் துயரைப் பற்றி என்ன நினைத்தாள் என்பதற்கும் ஏடு இல்லை. கருவுற்றவள் என்ன உண்ண வேண்டும் என்று பிறர் சொன்னவற்றால் நூலகங்கள் நிறைந்துள்ளன. கருவுற்றவள் தன்னைப் பற்றித் தானே சொன்னது மிகச் சிறிது. நம் புறநானூற்றில், பகைவர் உண்ண இயலாத சேரநாட்டு மண்ணைச் சூல்கொண்ட மகளிர் மட்டுமே ஆசையால் உண்பர் என்று புலவர் ஒருவர் பாடினார். மன்னனின் காவற் சிறப்பைப் புகழவந்த பாட்டு அது. வயாவுற்ற அம்மகளிர் பழிக்கு ஆளாகாமல் அங்கே வந்துபோகின்றனர் என்பதே ஓர் ஆறுதல்.

அவ்வாறாயின், கருவுற்ற தாய் சாக்லேட் உண்ணலாமா, ஆகாதா என்று நேயர் கேட்கக்கூடும். எண்ணிப் பார்க்கும் முறை பிறந்த பின் இக்கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துள்ளது. 1841இல் இரசிய வேதியியலார் வொஸ்கிரெசென்ஸ்கி கொக்கோவிலிருந்து தியோபுரோமின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதனோடு காப்பியிலும் தேநீரிலும் உள்ள கஃபீனும் சாக்லேட்டில் உண்டு. நூறு கிராம் கருஞ்சாக்லேட்டில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். கருப்ப காலத்தில், அதிலும் இறுதி மாதங்களில், கஃபீன் உடலைவிட்டு மெதுவாகவே நீங்குகிறது. அது கருவையும் சென்றடைகிறது. எனவே நாள் ஒன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 2010இல் கூறியது. 300 மில்லிகிராமுக்கு மேல் கொள்வோர் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. காப்பியும் தேநீரும் பருகுவோர் சாக்லேட்டையும் அக்கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நன்மையைப் பற்றிய ஆராய்ச்சியும் நடந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2,291 தாய்மாரை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவில், கொப்பூழ்க்கொடிக் குருதியில் தியோபுரோமின் மிகுந்திருந்த தாய்மாருக்குக் கருப்பகால இரத்தக் கொதிப்பு நோய் குறைவாகக் காணப்பட்டது. செய்தித்தாள்கள் மகிழ்ந்தன. ஆனால் இரண்டும் ஒருங்கே காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. கனடாவின் கியூபெக் நகரில் 129 தாய்மாரை இரு பிரிவாக்கி, நாள்தோறும் 30 கிராம் வீதம் பன்னிரண்டு வாரங்கள் சாக்லேட் கொடுத்துப் பார்த்தனர். ஒரு பிரிவினர்க்கு ஃபிளேவனால் என்னும் பொருள் மிகுந்த சாக்லேட். மறு பிரிவினர்க்கு அது குறைந்த சாக்லேட். 2016இல் வெளிவந்த முடிவின்படி, அந்நோயிலும் குழந்தையின் எடையிலும் இரு பிரிவினர்க்கும் வேறுபாடு இல்லை. கருப்பைக்குச் செல்லும் குருதியோட்டம் இரு பிரிவிலும் நன்றாக இருந்தது. எனினும் சாக்லேட்டே உண்ணாத மூன்றாம் பிரிவு இன்மையால் அதற்குச் சாக்லேட்தான் காரணம் என்று கூறுவதற்கில்லை. புகழ்ச்சியிலும் நாம் பொறுமை காக்க வேண்டும் என்பது இதனாற் பெறும் பாடம்.

எச்சரிக்கை வேண்டிய இடமும் உண்டு. சிலவகை மண்ணில் விளையும் கொக்கோவில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் சேர்கிறது. கொக்கோ மிகுந்த கருஞ்சாக்லேட்டில் அது கூடுதலாக இருக்கும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு முதல் அதற்கு வரம்பு விதித்தது. சர்க்கரையின் அளவையும், நீரிழிவு உடைய தாய்மார் சிறப்பாக, எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றபடி ஆசைக்கு ஒரு சிறு துண்டு உண்பதில் அஞ்சுதற்கு ஏதும் இல்லை. ஐயம் தோன்றினால் தம்மைக் கவனிக்கும் மருத்துவரைக் கேட்பதே முறை.

சென்ற ஆண்டு என் தமக்கையிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேலாகிறது. முழுவதும் பொறுமையாகக் கேட்டாள். பிள்ளையின் நிறத்தைப் பற்றியோ, கொக்கோவைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சீமாட்டி அதன் பிறகு சாக்லேட் குடித்தாளா என்று மட்டும் கேட்டாள். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன். ‘குடித்திருக்க மாட்டாள்’ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு விளங்காத ஒன்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

நேயர்களே, கருவுற்ற பெண்ணுக்கு நல்லது சொல்லுங்கள். வேண்டாம் என்று நான் கூறவில்லை. செவின்யே சீமாட்டியும் அன்பினாலேயே எழுதினார். ஆனால் நல்லது சொல்வதற்கு முன் அது உண்மைதானா என்று ஒருமுறை கேட்டறிந்து சொல்லுங்கள். அதற்கும் மேலாக, தீங்கு ஒன்று நேர்ந்துவிட்ட வீட்டுக்குத் துக்கம் கேட்கச் செல்லும்போது, அவள் என்ன தின்றாள், என்ன குடித்தாள் என்று கேளாதீர்கள். அக்கேள்வி கேட்டவருக்கு ஒரு நாளில் மறந்துவிடும். கேட்கப்பட்டவள் அதனை ஆயுள் முழுவதும் சுமப்பாள்.